சர்வர் மேல் பழி போடாதீர்கள்

சென்ற வாரம் அரூரில் ஒரு சேவை மையத்தில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் சித்தேரி மலையிலிருந்து வந்த ஒருவர், மகளுடன். பெண்ணின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். மூன்றாவது தடவையாக இறங்கி வந்திருக்கிறார். கணினி முன் இருந்த பெண், "சர்வர் பிஸிங்க, நாளைக்கு வாங்க" என்றாள். அவர் என் பக்கம் திரும்பி, "சார், அந்த சர்வர் எந்த ஊர்ல இருக்காருங்க? நேர்லயே போய்ப் பாத்துட்டு வந்துடவா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாள் கூலியை விட்டவர் கேட்ட கேள்வி அது.

மலையில் டவர் எடுக்கவில்லை என்றால் அது வேறு விஷயம். இது அரூர். காரணம் கேட்டேன். "டேட்டா ரொம்பப் பெருசு சார், சர்வர்ல மெமரி பத்தல" என்றார்கள். அந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவன் நான். என் மேஜை நாலடிக்கு இரண்டரை அடி. பதிவறையில் கட்டுகள் ஆயிரக்கணக்கில். பதிவறை முழுவதையும் மேஜையில் கொண்டுவந்து வைத்தால்தான் வேலை செய்வேன் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. மெமரி என்பது அந்த மேஜைதான், டிஸ்க் என்பது பதிவறை. தன்பதிவேட்டில் எண்ணைப் பார்ப்போம், அந்த ஒரு கோப்பை வரவழைப்போம், முடித்துத் திருப்பி அனுப்புவோம். முடிந்த கோப்புகளையும் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று பிரித்தோம். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். எல்லாவற்றையும் காலமெல்லாம் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள யார் வீட்டில் இடம் இருக்கிறது?

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். அங்கே 'எத்தா சிவில்' பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஆண்டும் முடிந்தவுடன் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி ஓர் அட்டவணை. பத்து ஆண்டுக்கு ஒரு முறை அவற்றையெல்லாம் சேர்த்து இன்னொரு அட்டவணை. பிரான்சில் 1792-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. கரண்ட் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது.

கம்ப்யூட்டர்காரர்களும் இதைக் கண்டுபிடித்து வெகு காலமாகிவிட்டது. 1970-ல், விமானம் செய்யும் போயிங் கம்பெனியின் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் என்ற இருவர் 'பி-ட்ரீ' என்ற அட்டவணை முறையை எழுதிவைத்தார்கள். அட்டவணையே மெமரிக்குள் அடங்காத அளவு பெரிதாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. ஒரு பக்கத்தில் நூறு வழிகாட்டுக் குறிப்புகள் என்று வையுங்கள். முதல் பக்கம் நூறு பக்கங்களைக் காட்டும், அவை ஒவ்வொன்றும் இன்னொரு நூறைக் காட்டும். நான்கு பக்கம் புரட்டினால் பத்துக் கோடி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். ஆக நம் எல்லோரிலும் ஒருவரைத் தேட நான்கு பக்கம் போதும். இதற்கு எதற்கு மலை போல் மெமரி?

என் பேரன் இந்தத் துறையில் இருக்கிறான். "தாத்தா, பெரிய சர்வர் வாங்கினா சரியாப்போச்சு" என்பான். மேஜையைப் பெரிதாக்கினால் அதன்மேல் இன்னும் நாலு கட்டு ஏறும், அவ்வளவுதான். விடாமல் கேட்டதில் அவனே ஒப்புக்கொண்டான். பெரும்பாலும் கோளாறு கேட்கும் விதத்தில்தானாம். ஒரு வரி வேண்டிய இடத்தில் முழுப் பதிவேட்டையும் இழுப்பது. தேடும் பத்திக்கு அட்டவணை போடாமல் விடுவது. ராத்திரி ஓட்ட வேண்டிய மாதாந்திர அறிக்கையைக் காலை பதினொரு மணிக்கு, ஜனங்கள் நிற்கும்போது ஓட்டுவது. வந்தவர்களுக்கெல்லாம் டோக்கன் கொடுக்காமல் தனித்தனி நாற்காலி போடுவது. ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் மெமரியைத் தின்னுமாம். மேஜை நிரம்பிவிட்டால் பியூன் ஒரு கட்டைப் பதிவறையில் வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கி வருவான். அதற்குள் முதல் கட்டு மறுபடி வேண்டியிருக்கும். நாள் முழுக்க ஓடுவான், ஒரு கோப்பும் நகராது. இதைத்தான் "பிஸி" என்கிறார்கள்.

எங்கள் காலம் பொற்காலம் என்று சொல்லவரவில்லை. எங்கள் பதிவறையில் கரையான் அரித்த கட்டு உண்டு. "கோப்பு கிடைக்கவில்லை" என்று ஒரு விதவையை நான் மாதக்கணக்கில் அலைக்கழித்ததும் உண்டு. அந்தக் கோப்பு என் அலமாரியிலேயே இருந்தது. ஆனால் மனுவை வாங்கி எண் போடாமல் ஒருவரைத் திருப்பி அனுப்பினால் மேலதிகாரி மெமோ கொடுப்பார். இன்று விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கூட்டம் குறைந்த பிறகு ஏற்றினால் யார் தடுத்தது? கேட்டேன். "சிஸ்டத்துல அப்படி ஆப்ஷன் இல்ல சார்" என்றாள். அவளைக் குறை சொல்லவில்லை. அந்த வசதியை வைக்காமல் விட்டவர் ஒருவர் இருக்கிறாரே, அவரைச் சொல்கிறேன்.

சேர்க்கைக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு அவர் சித்தேரி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.