கண்ணாடித் தொட்டியில் காயம்பட்ட பவளம்!

காஞ்சீபுரத்தில் பவளவண்ணப் பெருமாளுக்கு ஒரு கோவில் இருக்கிறது. பெருமாளின் நிறத்துக்கே பவளத்தின் பெயர்! தாலியோடு பவளம் கோத்துக்கொள்ளும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு.

அந்தப் பவளம் கல் அல்ல. கடலில் வாழும் ஒரு சின்னஞ்சிறு பிராணியின் எலும்பு. மத்தியதரைக் கடலில் எடுத்து, கப்பல் ஏறி நம் நாட்டுக்கு வந்தது.

இப்போது அந்தப் பிராணியின் உறவுக்காரர் உயிரோடு வீட்டுக்குள் வருகிறார். எங்கே? மீன் தொட்டியில்! இவருக்கு "மென்பவளம்" என்று பெயர். கூடத்தில் உப்புநீர்த் தொட்டி வைத்து, காளான் போலவும் விரல்கள் போலவும் ஆடும் மென்பவளத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து வாங்கியது நாலு நாளில் சுருங்கிவிடுகிறது. "செத்துவிட்டதா?" என்று வீடே கவலைப்படுகிறது.

எட்டுக் கைகள்

மென்பவளம் ஒரு பிராணி அல்ல. ஒரு கூட்டுக் குடும்பம். நூற்றுக்கணக்கான குட்டி உயிர்கள் ஒரே சதையில் ஒட்டி வாழ்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், எட்டுக் கைகள். நகைப் பவளத்துக்கும் எட்டுக் கைகள்தான்! மென்பவளத்துக்குப் பாறை போன்ற எலும்பு கிடையாது. சதைக்குள் ஊசி ஊசியாகச் சுண்ணாம்புத் துணுக்குகள் மட்டும் இருக்கும்.

தொட்டியில் வளர்க்கும் வகைகள் பலவற்றின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அந்தப் பாசி சமைக்கிறது, பவளம் சாப்பிடுகிறது.

சுருங்கினால் சாவா?

இல்லை. தோல் பவளம் என்று ஒரு வகை உண்டு. அது அவ்வப்போது சுருங்கி, மேலே மெழுகு போல் ஒரு படலம் போர்த்திக்கொள்ளும். சில நாளில் அந்தப் படலத்தை உரித்துப் போட்டுவிட்டு மறுபடி மலரும். இது தெரியாமல் நல்ல பவளத்தைத் தூக்கி எறிந்தவர்கள் பலர்.

மெய்யான காயம் வேறு மாதிரி. சதை கிழிந்திருக்கும். அல்லது ஓர் இடம் கறுத்து, கூழாகி, நாற்றம் எடுக்கும். அழுகல் மற்ற இடத்துக்குப் பரவும். அப்போது சும்மா இருக்கக் கூடாது. கூர்மையான சுத்தமான பிளேடால், அழுகிய பகுதியை நல்ல சதை தெரியும் வரை வெட்டிவிட வேண்டும். பவளத்துக்கென்று விற்கும் அயோடின் மருந்தில், சீட்டில் கண்ட அளவுப்படி முக்கி எடுக்கலாம். வீட்டு மருந்து எதுவும் ஆகாது. மீனுக்குப் போடும் தாமிர மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் பவளம் செத்துவிடும்!

பிறகு அதைச் சிறு கல்லின் மேல் வைத்து வலைத் துணியால் லேசாகக் கட்ட வேண்டும். வெளிச்சம் குறைவாக, தண்ணீர் மெதுவாக ஓடும் இடமே நல்லது. சில வாரங்களில் அது கல்லைப் பிடித்துக்கொள்ளும். வெட்டி எடுத்த நல்ல துண்டுகூடத் தனிப் பவளமாக வளர்ந்துவிடும்! பிறகு தினமும் தொட்டுப் பார்க்காமல் இருந்தால் போதும். அதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. கையுறை இல்லாமல் தொட வேண்டாம். இவற்றோடு சேர்த்து விற்கும், பொத்தான் போல் பூக்கும் "ஸோவாந்திட்" இனத்தில் சிலவற்றுக்குக் கடுமையான விஷம் உண்டு. வெளிநாடுகளில், அது ஒட்டியிருந்த கல்லைச் சுத்தம் செய்யக் கொதிக்க வைத்த குடும்பங்கள், ஆவியை மூச்சிழுத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கின்றன.

தண்ணீரே மருந்து

சாயம் போடுகிறவருக்குத் தண்ணீரின் குணம் தெரியும். பவளம் வளர்ப்பவருக்கும் தெரிய வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் என்னென்னவோ கலந்திருக்கும். ஆகவே வடிகட்டிய சுத்த நீரில், தொட்டிக்கென்றே விற்கும் கடலுப்பைக் கரைக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். சமையல் உப்பு உதவாது.

பெரிய எதிரி வெயில். பவளத்துக்கு 25, 26 டிகிரி உஷ்ணம் போதும். காஞ்சீபுரத்தில் கத்திரி வெயில் 40ஐத் தொடுகிறது. தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டி அப்படியே நின்றால், உள்ளே குடியிருக்கும் பாசி வெளியேறும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். மின்விசிறியைத் தண்ணீரின் மேல் வீசவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். ஆனால் நீர் வற்றும். வற்றிய அளவுக்கு உப்பில்லாத சுத்த நீரையே ஊற்றுங்கள். ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை!

கடலுக்கும் காய்ச்சல்

தொட்டிக்கு விசிறி வைக்கலாம். கடலுக்கு? உலகம் முழுவதும் பவளம் வெளுத்து வருவதாக 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இப்படி நடப்பது இது நான்காவது தடவை. நம் மன்னார் வளைகுடாவிலும் 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பவளம் வெளுத்தது.

ராமேஸ்வரம் தொடங்கித் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளைச் சுற்றித்தான் அந்தப் பவளப் பாறைகள் இருக்கின்றன. முன்பு சுண்ணாம்புக்காக அவற்றை உடைத்து எடுத்தார்கள். 1986இல் அந்த இடம் தேசியப் பூங்கா ஆயிற்று. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார், பாறைப் பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கிறார்கள். வீட்டுத் தொட்டியில் கல்லோடு கட்டுகிறோமே, அதே வைத்தியம்தான்!

சிறை உண்டு

"கரையில் ஒடிந்து கிடந்தது, எடுத்து வந்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. பாறைப் பவளம், கறுப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்துவிட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது.

"நான் வாங்கியது மென்பவளம்தானே?" என்று கேட்கலாம். அது உட்கார்ந்திருக்கும் கல் எது? அதுவே பாறைப் பவளத்தின் துண்டாக இருக்கலாம்! கடைக்காரர் "இது வேறு ரகம், பயமில்லை" என்று வாயால் சொன்னால் போதாது. எங்கே வளர்த்தது, எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் கேளுங்கள். காகிதம் இல்லையென்றால் பணத்தை மடியிலேயே முடிந்துகொண்டு, வனத்துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகு கடைக்குப் போங்கள்.