கண்ணீரில் கரையும் கணக்கு

செய்தி எழுதுவோர் கதை எழுதலாகாதா என்று கேட்கலாம். எழுதட்டும், செய்தியைச் சொல்லிவிட்டு எழுதட்டும். நம் வார இதழ்களோ முதற் பத்தியில் வானத்தையும் இரண்டாம் பத்தியில் ஒரு முதியவரின் பெருமூச்சையும் வைத்து, நடந்தது யாது என்பதைக் கடைசிப் பக்கத்தின் மூலையில் ஒளித்துவிடுகின்றன. இடையில், பெயர் சொல்ல விரும்பாத பிரமுகர் ஒருவர் தவறாமல் வந்து போவார்!

காவிரியை எடுத்துக்கொள்வோம். பிலிகுண்டுலுவில் தமிழகம் ஆண்டுதோறும் பெறவேண்டிய நீர் 192 டி.எம்.சி. என்றது நடுவர் மன்றம், 2007-இல். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ஆம் நாள் அதனை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75-இல் 4.75 பெங்களூரின் குடிநீர்த் தேவைக்கு. எஞ்சிய 10, தமிழகத்தில் நிலத்தடி நீர் உண்டு என்ற காரணத்தால். வழக்கின் உயிர்நிலை இந்தப் பத்தில்தான் இருக்கிறது. ஆழ்குழாய்க் கிணறு உடையவனுக்கும் இல்லாதவனுக்கும் அது ஒன்றாகுமா? இதனைக் கேளாமல், வெடித்த வயலின் படத்தை முழுப்பக்கம் அச்சிட்டு யாருக்கு என்ன பயன்?

தஞ்சை நிலத்தைக் குத்தகைக்கு விட்டுத் தில்லியில் பிழைக்கும் குடும்பம் இதழைப் பிரிப்பது அழுவதற்கன்று. இவ்வாண்டு குறுவை உண்டா, குத்தகை நெல்லைக் கேட்கலாமா, விட்டுக்கொடுப்பதா என்று அறிவதற்கு.