எந்தக் குழு? எந்த அறிக்கை? எத்தனையாம் பக்கம்?

ஓய்வுபெற்ற மூன்று பேருடைய சேவைக்காலப் பணம் சம்பந்தமாகப் போன மாதம் ஒரு சட்டத்தரணியைப் பார்க்கப் போயிருந்தோம். தோட்டத் தலைவர், மாதர் சங்கத் தலைவி, நான். பணம் கிடைக்காத மூவரில் ஒருவரான பெரியம்மாவும் கூட வந்தார். 38 வருஷம் கொழுந்து பறித்தவர். "இதைப் பற்றிப் பாராளுமன்றக் குழுவே பேசியிருக்கிறது ஐயா" என்று தலைவர் அழுத்திச் சொன்னார். சட்டத்தரணி பேனாவைத் திறந்தார். "நல்லது. எந்தக் குழு? எந்த அறிக்கை? எத்தனையாம் பக்கம்?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தலைவர் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். ஒன்றரை நிமிஷம். ஒரு எம்.பி. ஓர் அதிகாரியை ஏசுகிறார். சட்டத்தரணி பேனாவை மூடி வைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியம்மா கேட்டார்: "ஏன் டீச்சர், அங்க பேசினது நெசந்தானே? அப்ப எழுதி வச்சிருக்க மாட்டாங்களா?"

எழுதி வைத்திருக்கிறார்கள் பெரியம்மா. தேடி எடுக்காதவர்கள் நாங்கள்தான். தொழிலாளியின் சந்தாவில் நடக்கும் சங்கங்கள், நம்முடையதையும் சேர்த்தே சொல்கிறேன், மாலை போட்ட படங்களைப் பத்திரமாக வைத்திருக்கின்றன. தொழிலாளியின் பணத்தைப் பற்றிப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட ஓர் அறிக்கையாவது நம் மாவட்டக் காரியாலய அலுமாரியில் இருக்கிறதா? போய்ப் பார்த்தேன். இல்லை.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருஷமாவது சேவை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் என்று கணக்குப் பார்த்து, வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கவில்லை என்பதற்கு நாம் கொண்டுபோவது கண்ணீரும் மனுவும். எதிர்த்தரப்பு கொண்டுவருவது கடிதக் கட்டு. அந்தக் கட்டுக்கு எதிரில் வைக்க, அதே நிறுவனத்தின் அதிகாரிகள் குழுவின் முன் ஒப்புக்கொண்ட நிலுவைக் கணக்கு நம் கையில் இருந்தால் பேச்சே வேறு. அரசின் கையில் உள்ள தோட்ட நிறுவனங்கள் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் பாக்கி வைத்திருப்பது கோப் குழுவின் முன் ஒரு தடவைக்கு மேல் வந்த விஷயம்.

கோப் என்பது அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு. 1979 முதல் இருக்கிறது. அரச கூட்டுத்தாபனங்களும் அரச நிறுவனங்களும் அதன் கீழ் வருகின்றன. திணைக்களம், பிரதேச சபை போன்றவற்றின் கணக்கைப் பார்ப்பது கோபா என்கிற இன்னொரு குழு. 1992க்குப் பிறகு தனியார் கம்பனிகள் நடத்துகிற தோட்டத்துக்காரர்கள் கோப் அறிக்கையில் தங்கள் தோட்டத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவர்கள் துறைசார் மேற்பார்வைக் குழு அறிக்கைகளையும் சபையில் கேட்ட கேள்விகளையும்தான் பார்க்க வேண்டும். முதல் கேள்விக்கு, எந்தக் குழு என்பதற்கு, விடை இவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விதான் ஆளைச் சுற்றவிடும். குழு கூடிய நாள் வேறு, அறிக்கை சபையில் சமர்ப்பிக்கப்பட்ட நாள் வேறு. வீடியோவில் இருப்பது கூடிய நாள். நமக்கு வேண்டியது சமர்ப்பித்த நாள். அது அன்றைய ஹன்சாட்டில், அலுவல்களின் ஆரம்பத்திலேயே பதிவாகியிருக்கும். அந்தத் திகதியும் அறிக்கையின் வெளியீட்டுத் தொடர் இலக்கமும் கிடைத்தால் பாராளுமன்ற இணையத்தளத்தில் தேடுவது சுலபம். எத்தனையாவது பாராளுமன்றம், எத்தனையாவது கூட்டத்தொடர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் 2021 டிசம்பரில் கூட்டத்தொடர் முடித்து வைக்கப்பட்டபோது கோப் குழுவும் அதோடு முடிந்து, மறுபடி புதிதாக நியமிக்க வேண்டி வந்தது. பாராளுமன்றம் கலைந்தாலும் இதே கதைதான். ஒரே நிலுவைக் கதை இரண்டு மூன்று அறிக்கைகளில் சிதறிக் கிடப்பது இதனால்தான்.

அறிக்கையோடு நின்றுவிடக் கூடாது. கோப், கோபா அறிக்கைகளுக்குச் சம்பந்தப்பட்ட அமைச்சர் எட்டு வாரங்களுக்குள் தன் அவதானிப்புகளையும், எடுக்கப்போகும் நடவடிக்கையையும் சபைக்குத் தர வேண்டும். நிலையியற் கட்டளை 119(4) சொல்வது அது. தந்தாரா? என்ன தந்தார்? மேடையில் நம்மோடு கைகோத்து நிற்கும் எம்.பி.மாரிடம் இந்தக் கேள்வியை ஏன் ஒருவரும் கேட்பதில்லை? ஏசுவதற்குக் கை தட்டினோம். எட்டு வாரத்தை யாரும் எண்ணவில்லை.

பாஷைப் பிரச்சினையும் இருக்கிறது. ஹன்சாட்டில் பேசினவர் பேசின பாஷையிலேயே அச்சாகும். நம் எம்.பி. தமிழில் கேட்ட கேள்வியை நாம் வாசிக்கலாம். அமைச்சர் சிங்களத்தில் சொன்ன பதில் பெரும்பாலானோருக்குக் கறுப்புக் கோடுதான். சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்பட்டு வெளிவர வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிற நாட்டில், சட்டத்தின்படி பணம் கேட்கிறவர் பதிலை வாசிக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் இல்லை.

ஓர் எச்சரிக்கை. குழு அறிக்கை தீர்ப்பு இல்லை. அதை மட்டும் நீட்டினால் எந்த நீதிமன்றமும் பெரியம்மாவுக்குப் பணம் தரச் சொல்லாது. அவருடைய பெயர் பதிந்த நாள், சம்பளச் சீட்டு, சேமலாப நிதி இலக்கம் எல்லாம் வேண்டும். ஆனால் "பாக்கி ஒன்றும் இல்லை" என்று எழுதி அனுப்புகிறவரின் வாயை அடைக்க அது போதும். தொழில் திணைக்களத்திடம் "ஏன் இன்னும் வழக்குப் போடவில்லை" என்று கேட்கவும் உதவும்.

எடுத்து வாசிக்காத அறிக்கை என்ன ஆகும் என்பதற்கு நம் கதையே சாட்சி. 1938இல் சேர் எட்வர்ட் ஜாக்சன், இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றி விசாரித்து ஓர் அறிக்கை தந்தார். அது குழு அறிக்கை இல்லை, ஆணைக்குழு அறிக்கை. அந்த வருஷத்து அமர்வு வெளியீடுகளில் மூன்றாவது. பழைய அமர்வு வெளியீடுகளைக் கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் தேட வேண்டும். நம்மவர்களால் இந்நாட்டு மக்களின் வேலைவாய்ப்புக்குப் பெரிய கேடு எதுவும் இல்லை என்பதே அதன் சாரம். பத்து வருஷத்தில், 1948இல், அதே நாட்டின் பாராளுமன்றம் நம் பாட்டன் பாட்டியரை நாடற்றவர்களாக்கியது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "கையைத் தூக்கினவங்க அதை வாசிக்கலியா டீச்சர்?"

இணையத்தில் கிடைக்காததைக் கேட்டு வாங்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, ஏன் கேட்கிறீர்கள் என்று தகவல் அலுவலர் நம்மைக் கேட்க முடியாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அவரே எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், அதற்கு மேலே முறையிடலாம்.

பெரியம்மாவின் கைநாட்டோடு தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதி அமைச்சுக்கு அனுப்பியிருக்கிறோம். குழுவின் முன் வைத்த நிலுவைப் பட்டியலும் அமைச்சரின் அவதானிப்பும் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பதிவுத் தபால் துண்டு அவருடைய சுருக்குப் பையில் இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் பாடசாலை மண்டபத்தில் இருந்து கிடைத்த அறிக்கைகளை வாசிக்கப் போகிறோம். சிங்களம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் கட்டாயம் வரவேண்டும். பாக்கி உள்ளவர்கள் சம்பளச் சீட்டுகளை எடுத்து வாருங்கள். தலைவரும் வருகிறார். அந்த வீடியோ எந்தத் திகதியில் எடுத்தது என்று கண்டுபிடிக்கும் வேலையை அவரிடமே கொடுத்திருக்கிறேன்.