அணுபுரம் வேலிக்கு வெளியே ஒரு பட்டறை வேண்டும்



கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில் இருக்கிற அணுபுரம், நம்மில் பலருக்கு பஸ் ஜன்னல் வழியா மட்டுமே தெரிஞ்ச ஊர். அணுசக்தித் துறை தன் ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. நல்ல ரோடு, மரங்கள், ஓர் அணுசக்தி மத்தியப் பள்ளி. அந்தப் பள்ளியில் முன்னுரிமை துறை ஊழியர்களின் பிள்ளைகளுக்கு. அதில் தப்பு ஒண்ணும் இல்லை. எங்கெங்கிருந்தோ மாற்றலாகி வர்றவங்க பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி வேணும்தான்.

நம்ம கேள்வி, வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைகளைப் பற்றியது. சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், வாயலூர், நெரும்பூர், திருக்கழுக்குன்றம்னு சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிகளில் படிக்கிற மீனவர் வீட்டுப் பையன், விவசாயக் கூலி வீட்டுப் பொண்ணு, அப்பா கல்பாக்கத்துக்கு கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. நாட்டிலேயே மிக நுட்பமான எந்திர வேலை நடக்கிற ஓர் இடத்தின் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவங்க இவங்க. பன்னிரண்டு வருஷம் படிச்சு முடிச்சு வெளியே வரும்போது, இவங்கள்ல பலர் ஒரு லேத் ஓடுறதைக்கூட நேரில் பார்த்திருக்க மாட்டாங்க.

அணு உலை வேணுமா வேணாமா என்பது தனிப் பேச்சு. அதில் நமக்குள்ளேயே ரெண்டு கருத்து உண்டு. இன்னைக்குப் பேச வந்தது அது இல்லை.

கல்பாக்கத்தில் என்ன இருக்குன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. சென்னை அணுமின் நிலையம்: 220 மெகாவாட் அலகுகள் இரண்டு, 1984-லும் 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கியவை. 1971-ல் ஆரம்பிச்சு, 1985-ல் இந்திரா காந்தி பெயர் சூட்டப்பட்ட அணு ஆராய்ச்சி மையம். அதற்குப் பக்கத்தில், பாவினி நிறுவனம் கட்டிய 500 மெகாவாட் ஈனுலை.

அந்த ஈனுலையை மட்டும் எடுத்துக்குங்க. அதன் பிரதானக் கலத்தின் விட்டம் கிட்டத்தட்ட 13 மீட்டர். துருப்பிடிக்காத எஃகில் செய்தது. உள்ளே வெப்பத்தை எடுத்துப் போக திரவ சோடியம், அதுவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டன். சோடியம் காற்று பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். அப்போ ஒவ்வொரு வெல்டிங் மூட்டும் எப்படி இருக்கணும்? ஆர்கான் வெல்டிங் போட்டு, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உள்ளே மயிரிழை விரிசல்கூட இல்லைன்னு உறுதி பண்ணணும். அதைச் செய்கிற கை, பட்டம் வாங்கிய கையா மட்டும் இருக்க முடியாது. வருஷக்கணக்கா பழகின கை. வெல்டர், ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக். விஞ்ஞானிகள் பெயர் பேப்பரில் வரும். இவங்க பெயர் வராது. ஆனா இவங்க இல்லாம உலை இல்லை.

இந்த வேலைக்குள்ளே நுழைய வழி இருக்கா? இருக்கு. உதவித்தொகையோடு பயிற்சி தந்து வேலைக்கு எடுக்கிற முறை அணுசக்தித் துறையில் ரொம்ப காலமா இருக்கு. அதில் தொழில்நுட்பப் பணிக்கு இரண்டு வாசல். இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்து பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு ஒண்ணு. பத்தாம் வகுப்போடு ஐடிஐ முடிச்சவங்களுக்கு இன்னொண்ணு. இந்தியா முழுக்க இருந்து போட்டி போடுவாங்க.

இப்போ, பிளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவு எடுத்து 'அடிப்படை மின் பொறியியல்' இரண்டு வருஷம் படிச்ச பொண்ணை நினைச்சுப் பாருங்க. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் சேர்த்துப் படிக்காததால் முதல் வாசல் மூடியிருக்கு. ஐடிஐ சான்றிதழ் இல்லாததால் இரண்டாவதும் மூடியிருக்கு. பாலிடெக்னிக்கில் நேரடியா இரண்டாம் ஆண்டு சேரலாம் என்பது நல்ல ஏற்பாடு, அதை மறுக்கலை. ஆனா கை வேலை கத்துக்கிட்ட பிள்ளைக்கு, பக்கத்து ஊர்லயே இருக்கிற அந்தத் தொழிலின் கதவு திறக்கலைன்னா அந்தக் கல்விக்கு என்ன மரியாதை?

தொழிற்கல்விப் பிரிவு நேத்து முளைச்சது இல்லை. 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோதே கூட வந்தது. அதே வருஷம், மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்வியை எப்படிக் கொண்டுவரணும்னு நாடு முழுமைக்கும் அறிக்கை கொடுத்த குழுவின் தலைவர் நம்ம பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷையா. தொடக்கம் அப்படி. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். பல பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு ஆள் போடலை, அந்தப் பிரிவே மூடப்பட்டது. மார்க் குறைஞ்ச பிள்ளையைத் தள்ளிவிடுற இடம்னு பெயர் எடுத்தது. எந்த ஆட்சியில் எவ்வளவு மூடினாங்கன்னு கணக்குப் பார்த்துச் சண்டை போட நமக்குத் தெம்பு உண்டு. ஆனா அதில் பிள்ளைகளுக்கு ஒண்ணும் கிடைக்காது.

"தொழிற்கல்வின்னு சொல்லி எங்க பிள்ளையைத் திரும்பவும் கைத்தொழிலுக்கே அனுப்பப் பாக்கறீங்களா?" என்று கேட்கிற பெற்றோர் இருக்காங்க. அந்தக் கேள்வி நியாயமானது. இந்த மண்ணுக்கு 1953 மறக்காது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற ராஜாஜியின் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று சொல்லி எதிர்த்த மண் இது. 1954-ல் காமராஜர் வந்து அதைக் கைவிட்டார். அதனால்தான் நாம தெளிவா இருக்கணும். பிறப்பைப் பார்த்து தொழிலைத் தீர்மானிக்கிறது ஒண்ணு. பிறப்பு எதுவானாலும் எந்தத் தொழிலின் கதவையும் திறந்து வைக்கிறது வேற.

இரண்டாவதுக்கு நம்ம மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கு. மாமல்லபுரத்தில் 1957-ல் அரசு ஆரம்பிச்ச சிற்பப் பயிற்சி மையம், இன்னைக்குக் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. தலைமுறை தலைமுறையா ஸ்தபதி குடும்பங்களுக்குள்ளேயே இருந்த வித்தை, விண்ணப்பம் போட்டு சேர்ந்து பட்டம் வாங்குகிற படிப்பா மாறியது. கணபதி ஸ்தபதி போன்ற பரம்பரைக் கலைஞர்களே அங்கே ஆசிரியரா நின்னு சொல்லிக் கொடுத்தாங்க. கல்லுக்குச் செய்ததை எஃகுக்குச் செய்ய முடியாதா?

நிறுவனங்களோடு கைகோக்கும் முயற்சிகள் இப்பவும் நடக்குது. டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளில் ரோபோ, சிஎன்சி வரைக்கும் புதுக் கருவிகள் வைக்கும் திட்டம் நடக்குது. இங்கே தொழிற்சாலை வைத்திருக்கிற பிஎம்டபிள்யூ, தொழில்நுட்பக் கல்வி நிலையங்களுக்கு என்ஜின்களை இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை 2018-ல் அறிவிச்சது. நல்லது. ஆனா இதெல்லாம் பள்ளியைத் தாண்டினவங்களுக்கு. ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றிலும் உட்கார்ந்திருக்கிற பிள்ளை, தனக்கு இது பிடிக்குமா பிடிக்காதான்னு தொட்டுப் பார்க்க எங்கே போகும்?

சரி, யாரிடம் கேட்கிறது? இங்கே கொஞ்சம் சட்டம் தெரிஞ்சுக்கணும், ஏன்னா மேடையில் பேசுறவங்களே குழப்பிக்கிறாங்க. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் கடைசி மூணு வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடணும். தொழில்திறன் பயிற்சியும் அதில் அடங்கும். கம்பெனி இயங்குகிற சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரணும்னும் அந்தப் பிரிவே சொல்லுது. அணுமின் நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் ஒரு கம்பெனி. அதனால் அதுக்கு இது பொருந்தும். அணு ஆராய்ச்சி மையம் நேரடி அரசுத் துறை, கம்பெனியே இல்லை. அங்கே போய் சி.எஸ்.ஆர். பணம் கேட்டால் கையை விரிப்பாங்க, அது சரிதான். அங்கே கேட்க வேண்டியது ஆள், அறிவு, அப்ரண்டிஸ் இடம்.

அப்ரண்டிஸ் விஷயத்திலும் ஒரு செய்தி. 1961 சட்டத்தில் 1986-ல் ஒரு திருத்தம் வந்தது. பிளஸ் டூ தொழிற்கல்வி முடிச்சவங்களுக்குன்னே தனி அப்ரண்டிஸ் வகை உண்டாச்சு. அதைக் கவனிக்கிற தென்மண்டல வாரியம் சென்னை தரமணியிலேயே இருக்கு. அதுமட்டும் இல்லை. 2019 விதித் திருத்தப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்கணும். மறைமலைநகரில் இருந்து மகேந்திரா சிட்டி வரைக்கும் நம்ம மாவட்டத்தில் எத்தனை நிறுவனம் இருக்குன்னு நீங்களே எண்ணிக்குங்க.

"அப்போ பள்ளிப் பிள்ளைகளை ஆலைக்குள்ளே அனுப்பிடலாமா?" கூடவே கூடாது. 18 வயது ஆகாதவங்களை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்த சட்டம் தடை போடுது. சட்டம் இல்லைன்னாலும் நாம ஒத்துக்க மாட்டோம். பயிற்சிங்கிற பேரில் பிள்ளைகளை ஷிப்ட் வேலைக்கு நிறுத்துறது கல்வி இல்லை, மலிவுக் கூலி. அதனால்தான் பட்டறை வேலிக்கு வெளியே இருக்கணும்னு சொல்றோம்.

நம்ம கோரிக்கை இதுதான். திருக்கழுக்குன்றம் வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி வளாகத்தில் ஒரு முழுமையான பட்டறை. லேத், வெல்டிங் கூடம், மின் பலகை, அளவைக் கருவிகள். சுற்றியுள்ள பள்ளிகளின் பிள்ளைகள் வாரத்தில் முறை வைச்சு வரட்டும். கட்டவும் கருவி வாங்கவும் அணுமின் கழகத்தின் சி.எஸ்.ஆர். நிதி. நிரந்தர ஆசிரியர் பணியிடம் மாநில அரசு. இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கம்பெனி சம்பளத்தில் ஓடுகிற ஆசிரியர், கம்பெனியின் மனசு மாறினால் நின்னுபோவார். கூடவே சொல்லிக்கொடுக்க, முப்பது நாற்பது வருஷம் உலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இந்தப் பக்கமே குடியிருக்கிற டெக்னீஷியன்கள். அவங்க கையில் இருக்கிற வித்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை. பொண்ணுங்க வந்து போக பஸ்சும், பட்டறையிலேயே கழிவறையும் இருக்கணும். இதை எழுதாம விட்டால் பட்டறை பசங்களுக்கு மட்டும்னு ஆயிடும்.

ஒரே கம்பெனியை நம்பி பாடம் எழுதக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கணும். மறைமலைநகரில் நாம பட்டிருக்கோம். 2021 செப்டம்பரில் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தப் போறதா அறிவிச்சது, 2022-ல் கடைசிக் கார் வெளியே வந்தது. 2024-ல் திரும்ப வர்றோம்னு அரசுக்குக் கடிதம் கொடுத்தது. பெரிய கம்பெனி வரும், போகும், வரும். நடுவில் அந்த ஒரு லைனில் ஒரு வேலையை மட்டும் கத்துக்கிட்டவன் என்ன பண்ணினான்? வெல்டிங்கை வெல்டிங்கா, மின்வேலையை மின்வேலையா கத்துக் கொடுத்து, எங்கேயும் செல்லுபடியாகும் சான்றிதழ் கொடுத்தால் கல்பாக்கம் இல்லைன்னா ராணிப்பேட்டை, அதுவும் இல்லைன்னா சிங்கப்பூர்னு பிழைச்சுக்குவான்.

இதுக்கு உங்க பங்கு இருக்கு, தோழர்களே. லைக் போட்டுட்டு நகர்ந்துடாதீங்க. செங்கல்பட்டு மாவட்டத்துத் தோழர்கள் மூணு வேலை செய்யணும்.

ஒண்ணு, தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய் செலவு. கல்பாக்கத்தில் இருக்கிற மூணு நிறுவனங்களுக்கும் தனித்தனியா: கடந்த ஐந்து வருஷத்தில் எத்தனை அப்ரண்டிஸ், அதில் செங்கல்பட்டு மாவட்டத்தவர் எத்தனை, பிளஸ் டூ தொழிற்கல்வி முடிச்சவர் எத்தனை, பெண்கள் எத்தனை. யார் பெயரும் கேட்காதீங்க, எண்ணிக்கை போதும். 30 நாளில் பதில் தரணும்.

ரெண்டு, அடுத்த கிராம சபையில் இந்தப் பட்டறைக் கோரிக்கையைத் தீர்மானமாக் கொண்டு வாங்க. கட்சிக் கொடி வேண்டாம், கட்சித் துண்டு வேண்டாம். பெற்றோரைப் பேச விடுங்க. மத்தக் கட்சிக்காரங்க ஆதரிச்சாலும் சந்தோஷமா கையெழுத்து வாங்குங்க.

மூணு, உங்க ஊர் அரசுப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு இருக்கா, இருந்து மூடினாங்களா, பழைய கருவிகள் எங்கே கிடக்குன்னு பள்ளி மேலாண்மைக் குழு மூலமா விசாரிச்சு எழுதுங்க. தலைமையாசிரியரை மிரட்டுற வேலை வேண்டாம், பாதிப் பேருக்கு நம்மைவிட ஆதங்கம் அதிகம்.

வர்ற பதில்களையும் தீர்மான நகல்களையும் இந்தப் பக்கத்தின் இன்பாக்ஸுக்கு அனுப்புங்க. தொகுத்து மாவட்ட ஆட்சியரிடமும், அணுமின் நிலைய நிர்வாகத்திடமும், பள்ளிக் கல்வித் துறையிடமும் நேரில் கொடுக்கிறோம். தேதி முடிவானதும் இங்கேயே அறிவிப்போம். திருக்கழுக்குன்றம் பகுதித் தோழர்கள் அன்னைக்கு ஒரு நாள் லீவு சொல்லி வைங்க.

#அணுபுரம் #தொழிற்கல்வி #அரசுப்பள்ளி #செங்கல்பட்டு