புகையை ஏன் ஒளிக்க வேண்டும்?

கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூர் போகும் வழியில் ஒரு லைன் வீடு. ஆறு குடித்தனம், ஒரே கூரை, பொதுக் குழாய். மூன்றாவது வீட்டில் எங்கள் தோழர் குடியிருந்தார். தறி ஓட்டுகிறவர். போன கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயப்போட்டிருந்த மாட்டுக்கறிக் கண்டம் கெட்டுப்போய்விடும் என்று, பின்வாசலில் விறகு மூட்டி, மேலே கம்பி கட்டித் தொங்கவிட்டார். மழைக்காலத்தில் அவருடைய அவ்வா செய்தது அதுதான். (எங்களில் பலர் வீட்டில் பாட்டியை அவ்வா என்றுதான் கூப்பிடுவோம்.)

அரைமணி நேரத்தில் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"என்னப்பா வாசம் இது?"

"கறி வாட்டறமுங்க."

"என்ன கறி?"

"மாட்டுக்கறிங்க."

"நீங்க என்ன ஆளுங்க?"

அட்வான்ஸ் வாங்கும்போதே ஊர் எது, எந்தப் பக்கத்து ஆட்கள், யார் வகையறா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டவர்தான் அவர். தோழர் பிடிகொடுக்காமல் பதில் சொல்லியிருந்தார். கடைசியில் புகை காட்டிக்கொடுத்தது. மாதக் கடைசியில் வீடு காலி.

இதில் இன்னொன்றும் உண்டு. அதற்கு முந்தின மாதம்தான் அதே வீட்டுக்காரரின் மகன் மொட்டைமாடியில் நண்பர்களைக் கூட்டி 'பார்பிக்யூ' போட்டிருந்தார். கரி அடுப்பு, கோழித்துண்டு, பாட்டு. அந்தப் புகை ஆறு வீட்டுக்குள்ளும் புகுந்தது. யாரும் போய், நீங்க என்ன ஆளுங்க என்று கேட்கவில்லை.

இந்தக் கதையை எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் ஒரு தீர்வோடு வந்தார். சமையல் எண்ணெய் வந்த பழைய தகர டிரம்மைக் கழுவித் துடைத்து, அடியில் கரண்ட் அடுப்பு, அதன்மேல் இரும்புச் சட்டியில் மரச்சிராய், நடுவில் தண்ணீர்த் தட்டு, மேலே கம்பிவலை, மூடியில் ஒரு சூடுமானி. கடையில் விற்கும் எலக்ட்ரிக் ஸ்மோக்கரும் உள்ளே இவ்வளவுதான். கம்பிச்சுருள் சூடாகி மரச்சிராயைக் கருக்கும், எரியவிடாது. அந்தப் புகையிலும் சூட்டிலும் கறி மெல்ல வேகும். 110 டிகிரி பக்கம் வைத்துவிட்டால் ஆறேழு மணி நேரம் யாரும் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு வசதி. நாங்களும் கைதட்டினோம்.

பிறகு தம்பி சொன்னார்: "இதுல புகை உள்ளயே சுத்தும்ணா. வாசம் அவ்வளவா வெளிய போகாது. வீட்டுக்குள்ள கதவச் சாத்தி வெச்சுக்கலாம். யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாது. அந்த ஒரு சொல்லோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் சாதாரண அறிவியல். மரம் எரியாமல் கருகும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அதனால்தான் எலக்ட்ரிக் ஸ்மோக்கர் செய்கிறவர்களே 'வெளியில் மட்டும் வைத்துப் பயன்படுத்தவும்' என்று போடுகிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இதை ஓட்டினால் ஆள் சாவார். மறைத்து வாழ்ந்தால் மூச்சு முட்டும் என்று நாம் மேடையில் உவமையாகச் சொல்வோமே, இங்கே அது உவமையே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக்குப் பயந்து நம் பிள்ளைகளின் நுரையீரலைப் பணயம் வைக்கச் சொல்கிறது இந்த ஊர்.

இப்போது அந்த மூக்கைப் பற்றிப் பேசுவோம். அவிநாசி சாலையில் கோவையிலிருந்து கருமத்தம்பட்டி வரை உள்ள 'கொங்கு விருந்து' பலகைகளைப் படித்துக்கொண்டே வாருங்கள். பள்ளிபாளையம் சிக்கன், சிந்தாமணி சிக்கன், நாட்டுக்கோழி, வெள்ளாட்டுக்கறி. சில இடங்களில் ஆட்டு உப்புக்கண்டமும் உண்டு, பாரம்பரியம் என்ற பெயரோடு. ஆட்டைக் காயவைத்தால் பாரம்பரியம், மாட்டைக் காயவைத்தால் 'வளவு வாசம்'. 2014 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100க்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்கிறவர்கள். பிறகு எங்கிருந்து வருகின்றன இத்தனை 'சைவம் மட்டும்' வாடகை வீடுகள்? கறி தின்னும் வீட்டுக்காரர், கறி தின்னாதவருக்குத்தான் வீடு தருவேன் என்கிறார். சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது நினைவிருக்கும். ஆட்டுப் பிரியாணி, கோழிப் பிரியாணி எல்லாம் உண்டு, மாட்டுப் பிரியாணி மட்டும் இல்லை. அந்த ஊரில் மாட்டுப் பிரியாணி எவ்வளவு ஓடும் என்பது தெரு நாய்க்கும் தெரியும். விலக்கியது பாகுபாடு இல்லையா என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. திருவிழாவையே மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். மாட்டுக்கறியைப் பந்தியில் உட்காரவைப்பதைவிடப் பந்தியையே கலைப்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது. 2025 ஜனவரியில் நம் கோவையிலேயே, தள்ளுவண்டியில் மாட்டுக்கறிப் பிரியாணி விற்ற தம்பதியை பாஜக பிரமுகர் ஒருவர் மிரட்டிய காணொளி பரவி, போலீஸ் வழக்குப் போட வேண்டி வந்தது.

இங்கே நம் ஆட்களிடமிருந்தே ஒரு கேள்வி வரும், அதைத் தாண்டிப் போக முடியாது. 'அண்ணல் அம்பேத்கரே மாட்டுக்கறியை விடச் சொன்னாரே, நீங்கள் ஏன் அதையே பிடித்துத் தொங்குகிறீர்கள்?' சரியாகப் படிக்க வேண்டும் தோழர்களே. 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அவர் கைவிடச் சொன்னது செத்த மாட்டின் இறைச்சியை. ஆண்டையின் தொழுவத்தில் மாடு செத்தால் நீதான் இழுக்க வேண்டும், நீதான் உரிக்க வேண்டும், கூலிக்குப் பதில் அதன் கறிதான் உனக்கு என்ற ஏற்பாட்டை உடைக்கச் சொன்னார். 1948இல் வந்த 'தீண்டப்படாதவர்கள் யார்?' நூலில் அவரே, வேதகாலப் பார்ப்பனர்கள் மாட்டிறைச்சி உண்டதை அவர்களுடைய நூல்களை வைத்தே நிறுவினார். கசாப்புக் கடையில் காசு கொடுத்து வாங்கும் கறியும், செத்தது என்று தலையில் கட்டப்பட்ட கறியும் ஒன்றில்லை. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்கு அங்கிருந்த தலித்துகள் சொன்ன பதில், இனி உங்கள் மாட்டை நீங்களே இழுத்துக்கொள்ளுங்கள் என்பது. மகாத்தின் தொடர்ச்சி அது.

கொங்குப் பகுதியில் இந்த ஏற்பாட்டை நம் பாட்டன்மார் பண்ணையத்தில் முழுதாக அனுபவித்தார்கள். செத்த மாட்டை இழுத்தவர்களும் நாம்தான், அதன் தோலில் கவலை இறைப்பதற்கான பறியைத் தைத்தவர்களும் நாம்தான். அந்தப் பறியில் இறைத்த தண்ணீரில்தான் தோட்டங்கள் விளைந்தன. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. கிணறுகளில் மோட்டார் ஏறியது, கவலை போயிற்று, பறி தைக்கும் வேலையும் போயிற்று. தோல்வேலை போனது, அந்த வேலையை வைத்து ஒட்டிய தீண்டாமை மட்டும் போகவில்லை. கரண்ட் வந்தால் சாதி தானாக அவிந்துவிடும் என்று யாராவது சொன்னால் எங்களுக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்.

அவ்வாக்கள் கண்டம் போட்டது ருசிக்காக மட்டும் இல்லை. கறி கிடைப்பது என்றைக்கோ ஒருநாள், பசி தினமும். உப்பு கறியிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும், வெயில் மீதியை இழுக்கும், மழைநாளில் புகை வேலை செய்யும். புகையில் இருக்கும் பீனால் வகைகளும் அமிலங்களும் கறியின் மேல் படிந்து கிருமியைத் தடுக்கும். வேதியியல் பெயர் தெரியாமலே அவர்கள் இதைச் செய்தார்கள். மராத்வாடாவிலும் இதே கதைதான். அங்கே காயவைத்த மாட்டுக்கறிக்குச் சான்யா என்று பெயர். தலித் அடுப்படியின் உணவை சாஹு பாட்டோளே 2015இல் மராத்தியில் ஒரு நூலாகவே எழுதினார். அதற்கு முன்பே 2009இல் புனே பல்கலைக்கழகப் பெண்ணிய ஆய்வு மாணவர்கள் தலித் உணவு நினைவுகளைத் தொகுத்து, இந்தத் தட்டு இந்தியத் தட்டு இல்லையா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தார்கள். கொங்கு வளவுகளின் சமையலை யார் தொகுத்து வைத்திருக்கிறோம்? இதைப் படிக்கும் மாணவர்கள் ஆய்வுக்குத் தலைப்பு தேடி அலைவதாகச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டுச் சமையலறையில் கிடக்கிறது.

இந்த ஸ்மோக்கர் வந்த தேசத்திலும் போய்ப் பாருங்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் குழி வெட்டி, விறகு போட்டு, இரவெல்லாம் கண்விழித்துக் கறியைப் புகைபோட்டவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின மக்கள். இன்று அங்கே டிவியில் 'பிட் மாஸ்டர்' என்று கொண்டாடப்படும் முகங்களில் பெரும்பாலானவை வெள்ளை முகங்கள். இப்படிக் கறுப்பின மக்கள் வரலாற்றிலிருந்து துடைக்கப்பட்டதைத்தான் ஏட்ரியன் மில்லர் 2021இல் 'பிளாக் ஸ்மோக்' என்ற நூலில் எழுதினார். மலிவாகக் கிடந்த கடினமான நெஞ்சுக்கறியான பிரிஸ்கட், விலை ஏறி, ஏழைக்கு எட்டாமல் போனது. நாளை அவிநாசி சாலையில் ஒரு ரிசார்ட்டில் 'ஸ்மோக்ட் மீட்' என்று ஒரு தட்டு ஆயிரம் ரூபாய்க்கு வரும், அதைத் தின்றுவிட்டு வரும் அதே ஆள் நம் வாசலில் மூக்கைப் பொத்துவார். அவர்கள் புகையைப் பகட்டாகக் காட்டுவதும், நாம் அதே புகையை டிரம்முக்குள் அடைத்துவைப்பதும் ஒரே ஊரில், ஒரே நாளில் நடக்கும். அதற்கா இந்தத் தம்பி பொறியியல் படிக்கிறார்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், வீட்டுக்காரரிடம் வாதாட உதவும். தமிழ்நாட்டில் மாட்டுக்கறி உண்பதையோ வீட்டில் வைத்திருப்பதையோ தடுக்கும் சட்டம் இல்லை. 2016 மே மாதம் பம்பாய் உயர்நீதிமன்றம், வெளிமாநிலத்திலிருந்து வந்த மாட்டுக்கறியை வைத்திருப்பதே குற்றம் என்ற மராட்டியச் சட்டப் பிரிவை அந்தரங்க உரிமையைக் காட்டி ரத்து செய்தது. 2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றபோது, எதை உண்பது என்பதை அரசு சொல்வதை யாரும் விரும்பமாட்டார்கள் என்று நீதிபதி செலமேஸ்வர் தனியாகவே எழுதினார். ஆனால் ஓட்டை எங்கே என்றால், இந்தத் தீர்ப்புகளெல்லாம் அரசைப் பார்த்துப் பேசுகின்றன. 'உனக்கு வீடு இல்லை' என்று சொல்லும் தனியாரின் வாயை மூட, வாடகைப் பாகுபாட்டுக்கென்று ஒரு தனிச்சட்டம் நம்மிடம் இல்லை. கட்சிகளிடம் கேட்க வேண்டிய கோரிக்கை இதுதான். சமத்துவபுரம் கட்டினோம் என்று பெருமை பேசுகிறவர்களிடம், லைன் வீட்டுக்கும் ஒரு சட்டம் கேட்போம்.

எனவே ஸ்மோக்கர் வேண்டாமா? எங்களுக்கு மிஷின் மேல் கோபமே இல்லை. விறகடுப்பின் முன்னால் கண் எரிய உட்கார்ந்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தான், அந்தச் சுமை குறைந்தால் நல்லது. செய்கிறவர்கள் சிலதைக் கவனியுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள டிரம் வேண்டாம், சூட்டில் நச்சுப்புகை விடும். பெயின்ட், ரசாயனம் வந்த டிரம் வேண்டவே வேண்டாம். கறியின் நடுப்பகுதி 75 டிகிரியைத் தாண்ட வேண்டும். சூட்டில் புகைபோட்ட கறி, கண்டம் மாதிரி மாதக்கணக்கில் தாங்காது, குளிர்பெட்டியில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். தினமும் தின்னவும் வேண்டாம். உப்பிட்ட, புகையிட்ட இறைச்சி புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சொல்லியிருக்கிறது. மரத்துக்கு அலைய வேண்டாம். வெளிநாட்டில் பாக்கெட் போட்டு விற்கும் மெஸ்கீட் என்பது, நம் ஏரிக்கரையெல்லாம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தின் பங்காளி. நன்றாகக் காய்ந்ததாக இருந்தால் போதும்.

கரண்டுக்கும் ஒரு வார்த்தை. 800 வாட் அடுப்பு ஆறு மணி நேரம் நிற்காமல் ஓடினாலும் ஐந்து யூனிட்டுக்குள்தான். அரசு தரும் இலவச மின்சாரம் உங்கள் வீட்டு மீட்டருக்கு வருகிறதா, அல்லது யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலிக்கிறாரா என்பதை இந்தச் சாக்கிலாவது கேளுங்கள். லைன் வீடுகளில் இந்தக் கொள்ளை தனியாக நடக்கிறது. அதை இன்னொரு நாள் எழுதுவோம்.

தோழருக்கு இப்போது வேறு வீடு கிடைத்திருக்கிறது. வாடகை ஐநூறு கூட, தறிக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி. இந்த முறை அட்வான்ஸ் கொடுக்கும்போதே சாதியையும் சொன்னார், சட்டியில் என்ன வேகும் என்பதையும் சொன்னார். நாலு இடத்தில் கதவு சாத்தினார்கள், ஐந்தாவது இடத்தில் சாவி கொடுத்தார்கள். தம்பியின் டிரம் அங்கேதான் இருக்கிறது. ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, தெருவைப் பார்த்த வாசலில், மூடியைக் கொஞ்சம் திறந்துதான் வைத்திருக்கிறார்கள்.