பெருவிரல் அடையாளமும் குடியுரிமையும்

வெல்லாவெளிச் சந்தியில நின்று நாங்கள் கதைக்கிறதில் பாதி வெளிநாட்டுக் கதைதான். ஆருக்கு விசா வந்தது, ஆருக்குக் கனடா 'சிட்டிசன்' கிடைத்தது. கிடைக்காதவர்களைப் பற்றிக் கதை குறைவு. "அவன்ட பேரில ஒரு கேஸ் இருந்ததாம்" என்றால் அதோடு சரி, எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம்.

சட்டம் என்ன சொல்கிறது? பிரித்தானியக் குடியுரிமைக்கு 10 வயதிலிருந்தே 'நன்னடத்தை' பார்க்கிறார்கள். 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவருக்கு, அது வெளிநாட்டில் கிடைத்த தண்டனை என்றாலும், பெரும்பாலும் மறுப்புத்தான். கனடாவில் விண்ணப்பத்துக்கு முந்திய 4 வருடத்துக்குள் பாரதூரமான குற்றத்துக்குத் தீர்ப்பு இருந்தால் தடை. வெளிநாட்டுத் தீர்ப்பும் கணக்கில் வரும். களவு, கத்திக்குத்து என்றால் அப்படிக் கேட்பதில் பிழை இல்லை. ஆனால் அந்தத் தண்டனை எப்படி வந்தது என்று ஆர் கேட்பது?

எங்கட மாவட்டத்து வழக்கு ஒன்றையே பாருங்கள். 1993 ஜூலை சுற்றிவளைப்பில் நல்லரத்தினம் சிங்கராசாவைக் கொம்மாதுறை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவருக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். வாக்குமூலம் எழுதப்பட்டது சிங்களத்தில். அதில் பெருவிரல் அடையாளம் வைத்தார். சித்திரவதை செய்தார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னார். ஆனால் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், வாக்குமூலம் வற்புறுத்தி எடுத்தது என்று நிரூபிக்கிற பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையில்தான். 1995இல் 50 வருடத் தண்டனை, மேன்முறையீட்டில் 35. நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு சொன்னது. 2006இல் எங்கட உயர் நீதிமன்றம் அந்த முடிவை ஏற்கவில்லை. 2022 திருத்தமும் வாக்குமூலப் பிரிவைத் தொடவில்லை.

இப்படி வந்த தண்டனை ஒரு தாளில் ஏறினால் குற்றத்தின் பெயரும் வருடமும்தான் தெரியும். பெருவிரலுக்குப் பின்னால் நடந்தது தெரியாது.

அதனால் கேஸ் இருந்த ஆக்களிடம் ஒன்று சொல்கிறோம்: "மறைச்சா ஆருக்குத் தெரியும்" என்கிற ஏஜென்சிக்காரரை நம்பாதீங்க. உண்மையை மறைத்து எடுத்த குடியுரிமையைப் பிறகு பறிக்க இரண்டு நாட்டிலும் சட்டம் இருக்கு. தீர்ப்பு, மேன்முறையீடு, மருத்துவ அறிக்கை எதையும் எறியாமல் வைத்திருங்கள். உள்ளதைச் சொல்லி, அது எப்படி வந்தது என்பதையும் ஒரு சட்டத்தரணி மூலம் எழுதிக் கொடுங்கள்.

மற்ற ஆக்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சந்தியில அந்தப் பேர் வரும்போது வாயை மூடாமல், என்ன நடந்தது என்று கேட்போம்.