மனனமும் விடுதலையும்

திருமறை முழுவதையும் மனனம் செய்யும் கைதிக்கு 20 ஆண்டுகள் வரை தண்டனை குறைகின்றது; 3 ஜுஸ்உகளை மனனம் செய்தவருக்கு 6 மாதம். துபாய்ச் சிறையின் ஏற்பாடு இது. விடுதலையை நாடி ஓதுபவரின் நிய்யத்து தூயதாகுமா என வினவுவோர் உளர். நியாயமான வினாவே. ஆயினும் உள்ளத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. சிறையதிகாரி நடத்தையை மட்டுமே காண இயலும். மத்ரஸாவில் ஓதிய நம்மில் எத்தனை பேர் முதலில் உஸ்தாதின் பிரம்புக்கு அஞ்சி ஓதினோம்!

கி.பி. 624இல் பத்ருப் போரில் சிறைப்பட்டோருள், மீட்புப் பணம் செலுத்த வசதியற்ற எழுத்தறிவுடையோர் மதீனாச் சிறார் 10 பேருக்கு எழுதக் கற்பித்தலையே விடுதலையின் விலையாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். அக்கைதிகளோ அப்போது ஈமான் கொண்டிராதவர்கள். அவர்களின் உள்நோக்கம் அங்கே துருவப்படவில்லை. செய்த பணியே கணக்கில் கொள்ளப்பட்டது.

எனினும் ஓர் எல்லை உண்டு. கொலையுண்டவனுக்காக மன்னிக்கும் உரிமையைத் திருமறை (2:178) அவனுடைய உறவினரிடமே விட்டுள்ளது. அதனை அரசு தானே வழங்கிவிடல் ஆகாது. துபாய்த் திட்டத்திலும் கொலைக் குற்றவாளிகளுக்கு இடமில்லை; அது சரியே.